நம்பி எழுதிய வெள்ளம்

12-2-79, திங்கள்
போன வருஷம் பொன்முடி மலை ரேஸில், பதினான்காம் வளைவில் ஃபியட் நின்றது. எஞ்சின் சூட்டில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிப் போச்சு. எஸ்டேட் லாரியில் கட்டி வித்துரா சந்தை வழியாக இழுத்து வந்தார்கள். மீன்காரிகள்கூடச் சிரித்தார்கள். இந்த முறையும் நின்றால் வண்டியை விற்றுவிடுவதாக மனைவி சொர்ணத்திடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்குவதற்கு ஸ்ரீவராகத்தில் பிச்சுமணி காத்திருக்கிறார்.

காத்திருக்கட்டும்.

14-2-79
இரண்டு எலெக்ட்ரிக் பம்ப் பார்த்தேன். ஒன்று குவைத்துக்காரர் கொண்டுவந்தது. பெரிய அமெரிக்க வண்டிக்கு உள்ளது, ஏழு பவுண்டு அழுத்தம். மற்றது ஆரியசாலைப் பழைய சாமான் கடையில். கையடக்கம், இரண்டரை பவுண்டு. மலை ஏற வேண்டிய வண்டிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெரியதையே வாங்கிவிட்டேன்.

17-2-79
கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டும் அழகியநம்பியின் கடிதம். ‘பெரிய பம்ப் வைத்தால் கார்புரேட்டரில் வெள்ளம் வரும், ஜாக்கிரதை.’ மெக்கானிக் வேலாயுதனுக்குப் படித்துக் காட்டினேன். டாங்க் அடியில் தண்ணீர் கிடந்தால் பெரிய பம்ப் அதையும் இழுத்துவிடும் என்றான். நியாயம்தான். டாங்கைக் கழற்றிக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம்.

21-2-79
டாங்க் பளபளக்கிறது. பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றினோம். ஸ்டார்ட் செய்தால் கரும்புகை, பெட்ரோல் நாற்றம், பிளக்கெல்லாம் ஈரம். கரமனைப் பாலத்திலேயே நின்றுவிட்டது. டாங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை — பின்னே எங்கேருந்துதான் வருது? ரேஸுக்குப் பதினோரு நாள்.

22-2-79
வெட்கக்கேடு. சொர்ணம் அம்பாசமுத்திரத்துக்காரி. மேஜையில் கிடந்த கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “இதுக்கா டாங்கக் கழுவுனீக? எங்கூர்ல வெள்ளம்னா தண்ணி இல்ல. ஆத்துல கரை பொரண்டு வருமே, அது.”

கடிதத்தை வாங்கி மறுபடி படித்தேன். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, மலையாள வழக்கில், வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்தான். நம்பி சொன்னது, பெட்ரோலே நிரம்பி வழியும் என்று! ஏழு பவுண்டு தள்ளினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கிற சின்ன ஊசி எப்படித் தாங்கும்? ஆரியசாலைக்கு ஓடினேன். நல்லவேளை, சின்ன பம்ப் விற்றுப்போகவில்லை.

25-2-79
எஞ்சின் சூடு எட்டாமல், பின்னால் டாங்க் பக்கத்தில் வைத்தோம். டிக் டிக்கென்று அடிக்கிறது. நிரம்பியதும் தானே நின்றுவிடுகிறது. சமர்த்து.

4-3-79, ஞாயிறு
ஜெயித்தேன்! பெங்களூர் வண்டியைவிட ஒன்பது விநாடி முன்னால். பதினான்காம் வளைவில் நான்தான் மூச்சை அடக்கினேன், வண்டி அடக்கவில்லை. உச்சியில் வேலாயுதன் பாட்டிலை நீட்டினான். “வெள்ளம் வேணோ சாரே?” கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தோம். திரும்பும்போது வித்துரா சந்தை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். சின்னப்புத்திதான். இருக்கட்டுமே.

5-3-79
காலையில் பிச்சுமணி வந்தார். வண்டி விஷயம் என்ன முடிவு என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் சொர்ணம் உள்ளேயிருந்து வந்தாள்.

“அது விக்கதுக்கில்ல.”

அவர் போன பிறகு என்னிடம், வருகிற ஞாயிறு அம்பாசமுத்திரம் போக வேண்டும் என்றாள். பஸ்ஸில் இல்லையாம்.