கண்ணை மூடியபின் கேட்கப்பட்ட ஸ்கூட்டர்

என் பிரியமுள்ள ரஞ்சிதம் அக்கா,

உன் மகள் மெர்ஸிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இதை முதல் வரியிலேயே சொல்லக் காரணம், என் கையெழுத்தைப் பார்த்ததும் காரியம் கெட்டுவிட்டது என்றுதான் நீ நினைப்பாய். கெடவில்லை. உன் தம்பி அதே அறையில் உட்கார்ந்திருந்தும் கெடவில்லை.

நீ கர்த்தரிடம் போய் இது இரண்டாவது குளிர்காலம். என் வாயை நம் சபை இன்னும் மறக்கவில்லை. பிரசங்கம் நீளம் என்று போதகர் ஐயாவிடமே சொன்னவன் நான். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் சாட்சி என்று இருந்தேன். "உண்மையச் சொல்லுததுக்கு இந்த டெல்லியில கர்த்தர் ஒன்ன மட்டுந்தான் வச்சிருக்காரால?" என்று கேட்பாய். வேறு யார் இருக்கிறார்கள், பெயர் சொல் என்பேன்.

நீ கெஞ்சியதால் பேச்சைக் குறைத்தேன். மீதியை ஜெபத்தில் சொன்னேன். எல்லோரும் கண்ணை மூடி, தலை குனிந்து, குறுக்கே பேச வழியில்லாமல் இருக்கும்போது ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்? "ஆண்டவரே, ஆராதனைக்குப் பிந்தி வந்து முந்திப் போகிற குடும்பத்தை நினைத்தருளும்" என்று தொடங்கி, அவர்கள் எந்தத் தெரு என்று நான் சொல்வதற்குள் நீ உரக்க "ஆமென்" போட்டுவிடுவாய். கூட்டமும் ஆமென் சொல்லி எழுந்துவிடும். நர்ஸாக இருந்தவளுக்கு எங்கே கட்டுப்போட வேண்டும் என்று தெரியாதா?

இப்போது கட்டுப்போட ஆளில்லை. அதனால் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தின நாளே மெர்ஸி கரோல் பாக்கில் என் அறைக்கு வந்துவிட்டாள்.

"மாமா, அவங்கப்பா என்ன சொன்னாலும் நீங்க பதில் சொல்லக் கூடாது."

"ஜெபமாவது பண்ணலாமா?"

"அதுதான் முக்கியமா வேண்டாம்."

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு மாமா" என்று தரையிடம் சொன்னாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் மோதி பாக் குவார்ட்டர்ஸில், உன் வீட்டு முன்னறையில், எல்லோரும் கூடினோம். சம்பந்தி பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர். கணீரென்ற குரல். "எங்களுக்குப் பொண்ணு போதும்" என்று அடுத்த குவார்ட்டர்ஸுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஜெபிக்க எழுந்தார்.

"ஆண்டவரே, இந்த மாநகரத்தின் வெயிலிலும் குளிரிலும் உம்முடைய பிள்ளைகள் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நில்லாதபடி, பெண்வீட்டாரின் இருதயத்தில் நீர் ஒரு ஸ்கூட்டரை வைத்தருளும்."

அக்கா, நான் கண்ணைத் திறந்துவிட்டேன். கோபத்தில் இல்லை, மரியாதையில். என் ஜெபம் ஒருநாளும் எட்டாத உயரம் அது. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஊரில் கர்த்தரும் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று ஒரு முழுப் பதில் ஜெபம் என் நாக்கில் தயாராக வந்து நின்றது. மெர்ஸியும் கண்ணைத் திறந்திருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனித் தாய்மாமன் ஜெபிக்கட்டும்" என்றார் அத்தான். எவ்வளவு நல்ல மனுஷன், எப்படிப்பட்ட நேரம் பார்த்தார்!

எழுந்தேன். "கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம்" என்றேன். அதற்குமேல் என் சொந்தச் சரக்கு ஒரு சொல் இல்லை. அந்த ஜெபத்தில் அன்றைய ஆகாரத்துக்கு மேல் எதையும் கேட்க இடமில்லை என்பது பாதி வழியில்தான் எனக்கே உறைத்தது. சம்பந்தியும் உரக்கத்தான் சொல்லிவந்தார். அந்த வரியில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஆனாலும் டீ வந்ததும், "இல்ல, டெல்லியில தூரம் ஜாஸ்தி பாருங்க..." என்று மறுபடி ஆரம்பித்தார். மாப்பிள்ளை பல வருஷமாக இங்கே வேலை பார்ப்பவன். அதுவரை பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன், நிமிராமலே "அப்பா, பஸ்" என்றான்.

இந்தியில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். அவருக்கு இந்தி தெரியாது.

"பஸ்ஸா? பஸ்ஸே போதுங்கியா?"

"ரெண்டுந்தாம்ப்பா."

மெர்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் மெதுவாக அவருக்கு அர்த்தம் சொன்னார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அவரும் சிரித்து, தேதி பார்க்கலாம் என்றார்.

என் பதில் ஜெபம் நன்றாகவே இருந்திருக்கும். இன்றைக்கும் மனப்பாடம். ஆனால் அதைச் சொல்லியிருந்தால், அந்தப் பையன் தன் அப்பா பக்கம் நிற்பதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும்? நான் விட்ட இடத்தில்தான் அவனுக்குப் பேச இடம் கிடைத்தது. இது உனக்கு முன்பே தெரிந்திருந்ததா அக்கா? தெரிந்தும் எனக்குச் சொல்லாமல் எப்படி இருந்தாய்?

இந்தக் கடிதம் சபைப் பத்திரிகையில் வரப்போகிறது. அதனால் முதலில் சம்பந்திக்குப் படித்துக் காட்டினேன். ஸ்கூட்டர் வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு இடத்தில் சிரிக்கவில்லை. நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அதுதான். எடுத்துவிட்டேன்.

கல்யாணத்தில் வாழ்த்துரை சொல்ல மெர்ஸி என்னைக் கேட்டிருக்கிறாள். அவளாகவே கேட்டாள். அந்தப் பத்தியை அங்கேயும் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஒரு நல்ல பத்தியை விழுங்கிவிட்டுச் சுகமாக இருக்கும்,
உன் தம்பி,
சாமுவேல்