பாய்மரத்தின் உயரம்

ஜனவரி 5, 2026

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.

பதினொரு மணிக்குத் தேவதாசன் வந்தார், புகைப்படக் கழகத்தின் செயலாளர். போட்டியில் முதல் பரிசுக்குத் தேர்வான படத்தை நீட்டினார். பழைய துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட சரக்குத் தோணி. அதன் பின்னால் அண்டா போல முழு நிலா. கார்த்திகைப் பௌர்ணமியன்று எடுத்ததாம்.

"நிலாவ கம்ப்யூட்டர்ல ஒட்டுன ஒட்டு வேலைன்னு புகார் வந்திருக்கு சார். நிலா இம்புட்டுப் பெருசா இருக்குமான்னு கேக்காவ. நீங்க பிசிக்ஸ் புரபசர். ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

மூலையில் எடுத்தவன் பெயர்: ரோச்.

பதினாறு வருடமாக நான் வாயால் சொல்லாத பெயர். ஒட்டு வேலை என்றானால் கழகத்திலிருந்து நீக்கிவிடுவார்களாம். ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவன். அதன்பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் அவனைக் கூப்பிடுவார்களா? அது என் கவலை இல்லை. படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 6

நிலா பெரிதாகத் தெரிவதில் குற்றமில்லை. எங்கே நின்று பார்த்தாலும் அதன் அளவு ஒன்றுதான்: நீட்டிய கையில் சுண்டுவிரல் நகத்தில் பாதி. நாம் தள்ளிப் போகப் போகத் தோணிதான் சிறுக்கும். தள்ளி நின்று பெரிய லென்சால் இழுத்தால் நிலா அண்டாவாகும். ஆகவே கேள்வி ஒன்றே. எவ்வளவு தள்ளி நின்றான்?

எந்தப் பொருளையும் அதன் அளவைப் போல நூற்றுப்பத்து மடங்கு தூரத்தில் வைத்தால் நிலாவைச் சரியாக மறைக்கும். படத்தின் மேல் ஸ்கேலை வைத்தேன். பாய்மரம் நிலாவில் சரிபாதி. தோணிப் பாய்மரம் அறுபது அடி. அப்படியானால் அந்த இடத்தில் நிலாவை மறைக்க நூற்றிருபது அடி வேண்டும். நூற்றுப்பத்தால் பெருக்கினால் நான்கு கிலோமீட்டர்.

தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்ததாகத் தேவதாசனிடம் சொல்லியிருக்கிறான். அந்த மாடி எனக்குத் தெரியாதா? தோணிகள் நிற்கும் இடத்துக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான்.

அங்கிருந்து நிலா மரத்தின் உயரமே தெரியும்; இரு மடங்காக்கி ஒட்டியிருக்கிறான். அகப்பட்டான்.

ஜனவரி 7

நன்றாகத் தூங்கினேன். வெகு நாளாயிற்று.

ஜனவரி 9

தேவதாசனுக்குப் போன் செய்து, தூரம் ஒத்துவரவில்லை என்றேன். பதினேழாம் தேதி கூட்டத்தில் முடிவு செய்வார்களாம்.

என் மனைவி செண்பகம் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அந்த மனுசன் மேல இன்னுமா கறுவிக்கிட்டு இருக்கிய? வால்நட்சத்திரம் பாக்கப் போன கதைய மட்டும் வருசத்துக்கு நாலு தரம் சொல்லுதிய?"

நாலு தரமா சொல்கிறேன்?

எண்பத்தாறு ஏப்ரல். ஹாலி. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்திருந்தது. கடற்கரையில் ரோச்சும் நானும். கையை நீட்டி விரல் மடக்கி முட்டி பிடித்தால் வானத்தில் பத்து டிகிரி என்று எங்கோ படித்துவிட்டு, அதை வைத்து வாலை அளந்தோம். "உன் முட்டி பெருசு, உன் டிகிரியும் பெருசாத்தான் வரும்" என்று சண்டைக்குப் போனேன். "ஏலே, என் கையும் நீளம்லா?" என்றான். முட்டி பெரிதென்றால் கையும் நீளம், கோணம் ஒன்றுதான். நான் பிறகு பதினெட்டு வருடம் கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை, அவன் மணலில் மல்லாந்து கிடந்தபடி சொன்னான். அன்று சிரித்தது போல... சரி, விடு.

ஜனவரி 12

அவனே போன் செய்தான்.

"ஏலே காசி, நான் ஒட்டுனேன்னு சொன்னியாமே?"

"கணக்கு சொல்லுது."

"கணக்க யாருலே போட்டா?"

வைத்துவிட்டான். குரல் கிழடு தட்டியிருக்கிறது.

ஜனவரி 15

பொங்கல். இதே தேதியில்தான், 2010இல், கங்கண சூரிய கிரகணம். மதியம் ஒன்றே கால் சுமாருக்கு வளையம் விழும் என்று கணித்தது நான். கேமராவுக்கு வெயிலை மட்டுப்படுத்தும் கண்ணாடி வடிப்பானைச் செய்தது நான். பொத்தானை அமுக்கியது அவன். மறுநாள் பத்திரிகையில் அவன் பெயர் மட்டும். "உன் பேரயும் சொன்னேம்ல, அவனுவ போடல" என்றான். அதே வருடம்தான் துறைத்தலைவர் நாற்காலியையும் எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்தார்கள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.

சர்க்கரைப் பொங்கலில் இனிப்பு போதவில்லை.

ஜனவரி 16

படத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக உறையில் போடும்போது பார்த்தேன். பாய்மரத்தடியில் ஓர் ஆள் நிற்கிறான். முதல் நாளே கண்ணில் பட்டவன்தான். ஏன் அளக்கவில்லை?

அளந்தேன். மரம் அவனைப் போல ஐந்தரை மடங்கு. ஐந்தரை அடி ஆள் என்றால் மரம் முப்பதடி! அறுபது எங்கே போயிற்று?

மாலையில் பீச் ரோட்டுக்குப் போனேன். ஐந்தாறு வருடமாக அந்தப் பக்கமே போனதில்லை. தோணிகள் நின்றன. எல்லாம் என்ஜின் தோணிகள். ஒன்றிலும் பாய் இல்லை. மரம் என்ற பெயருக்கு, விளக்கு மாட்டவும் கயிறு கட்டவும் ஒரு குட்டைக் கம்பம்.

நான் கணக்கில் போட்டது அப்பாவின் தோணியை. கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிய நாட்களில், என்னைத் தோளில் தூக்கி, "அண்ணாந்து பாருலே, அறுபது அடி" என்பார். பாய் விரியும்போது துணி காற்றை அறையும் சத்தம் வயிற்றில் கேட்கும். அந்தப் பாய்களை இறக்கிப் பல வருடம் ஆகியிருக்கும். இதே ஊரில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை.

முப்பதடி. நிலாவுக்கு அறுபது. நூற்றுப்பத்து மடங்கு, ஆறாயிரத்து அறுநூறு அடி. இரண்டு கிலோமீட்டர்.

அவன் மாடி.

தேவதாசனுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டால்? யார் கேட்கப் போகிறார்கள்? கேட்கமாட்டான் ஒருத்தனும்.

ஜனவரி 17

போனேன். கழகக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ரோச் ஜன்னலோரம் நின்றான்; தலை முழுக்க நரை. கரும்பலகையில் இரண்டு கணக்கையும் எழுதினேன், முதலாவதைக் குறுக்கே அடித்தேன். "படம் சுத்தம். தப்பு என்னுடையது."

"புரபசரே தப்பாப் போட்டா, புள்ளைங்க என்ன செய்யும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். காது சுட்டது.

ரோச் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது பின்னால் வந்து சொன்னான்: "அறுபதடி மரம் நாம சின்னப்புள்ளையில பாத்ததுலா காசி."

தலையாட்டினேன்.

ஜனவரி 24

முதல் பரிசு அவனுக்கே என்று பேப்பரில் போட்டிருக்கிறது. செண்பகம் சத்தமாக வாசித்தாள். வேண்டுமென்றேதான்.

பிப்ரவரி 1

தைப்பூசம். பௌர்ணமி. ரோச் வீட்டு மொட்டைமாடி. நிலா எழுவதைப் படமெடுக்கக் கூப்பிட்டிருந்தான்; ஆறு மணிக்கே போய்விட்டேன். அவன் மனைவி எமில்டா டீ கொடுத்துவிட்டு, "ரெண்டு கிழடும் கைப்பிடிச் சுவத்துல சாயாதிய, காரை பேந்து கெடக்கு" என்று எச்சரித்துக் கீழே போனாள். கிழக்கே சுவர் எழுப்பியது போல மேகம். மாடியிலிருந்த ஒரே நாற்காலியில் நான்; ரோச் கேமராவை மூடியே வைத்துக்கொண்டு நின்றான். கிரகணப் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் மறந்துவிடவில்லை.

ஏழரை ஆயிற்று. மேகம் விலகவில்லை, நிலா வரவில்லை. கிளம்புகிறேன் என்று நான் சொல்லவில்லை. ரோச் கீழே போய் இன்னொரு நாற்காலி எடுத்துவந்தான்.