இருமல்காரன்

மார்ச் 4

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்களிடம் வாங்கிய பழைய கார்தான் நலமாக இல்லை. போனில் காது சரியாகக் கேட்பதில்லை, எதுவானாலும் எழுதிப் போடுங்கள் என்றீர்களே, அதனால் எழுதுகிறேன்.

சல்லிசாகக் கிடைக்கிறதே என்றுதான் வாங்கினேன். தையல் மிஷின் ரிப்பேருக்கு வீடு வீடாகப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த ஓட்டை சைலன்சர் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் அண்ணன், "இதுக்கு ஹாரனே வேணாம்டா, நீ வர்றது ஊருக்கே தெரிஞ்சிடும்" என்று சிரிக்கிறார்.

அது போகட்டும். முன்னால், ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் கதவில், உள்பக்கக் கைப்பிடி இல்லை. உடைந்த மாதிரியும் தெரியவில்லை. யாரோ பொறுமையாகக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள். தகட்டைச் சுற்றி நகத்தால் பிறாண்டிய கோடுகள். முதல் நாள் என் மனைவி அந்த சீட்டில் உட்கார்ந்தாள். இறங்க வழி தெரியாமல் தடவித் தடவிப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது. "இதுல யாரையோ பூட்டி வெச்சிருந்திருக்காங்க. நான் இனிமே ஏற மாட்டேன்" என்கிறாள். அன்றிலிருந்து தனியாக ஓட்டும்போது எனக்கும் அந்த சீட் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது. மறைக்காமல் சொல்லுங்கள் ஐயா, அதில் யாராவது இறந்துபோனார்களா?

இப்படிக்கு,
வண்டி வாங்கியவன்


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். யாரும் சாகவில்லை. ஆனால் உங்கள் மனைவி சொன்னது சரி. பூட்டி வைத்தவன் நான்தான்.

என் மனைவிக்கு மறதி நோய். நாங்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருப்போம். "எறக்கி விடுங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்பாள். ஒருநாள் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தேன், பிழைத்தாள். மறுநாளே கைப்பிடியைக் கழற்றினேன். அதற்குப் பிறகு ஏறும்போதெல்லாம் அதைத் தேடுவாள். அந்தக் கோடுகள் அவள் நகம்தான்.

இப்போது அவள் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். கண் டாக்டர் நான் வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் பஸ்ஸில் போய்ப் பார்க்கிறேன். "எங்க வீட்டுக்காரர் கார்ல வருவாரு. நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறாள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை, தம்பி.

கைப்பிடி டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில், துணியில் சுற்றிக் கிடக்கிறது. எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். சைலன்சரை மட்டும் உடனே மாற்றிவிடாதீர்கள். அந்த வண்டிக்கு அவள் வைத்த பெயர் இருமல்காரன். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு அங்கே வர முடியுமா? அந்தச் சத்தத்தோடு போய் இறங்கினால் என்னை அவளுக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
வண்டி விற்றவன்


மார்ச் 16

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் சைலன்சரை மாற்றித் தொலைத்தேன்! தலையில் அடித்துக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் ஓடினேன். நல்ல வேளை, பழையது இரும்புக் கடைக்குப் போகாமல் ஷெட் மூலையில் கிடந்தது. "புதுசைக் கழட்டிட்டு ஓட்டையை மாட்டச் சொல்ற மொத ஆளு நீதான்டா. மண்டை குழம்பிடுச்சா?" என்று திட்டினார். விஷயத்தைச் சொன்னேன். உடனே வண்டிக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சத்தம் போதுமா, ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெருசாக்கட்டுமா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

கைப்பிடியையும் மாட்டியாயிற்று. உங்கள் கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவளே போய் அந்த சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தயாராக இருங்கள்.

வண்டி வாங்கியவன்


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பார்த்ததுதான். முன் சீட் அவளுடையது என்று நான்தான் பின்னால் உட்கார்ந்தேன். காப்பகத்து வாசலில் வண்டி திரும்பியதுமே ஓடி வந்தாள். "இருமல்காரன் வந்துட்டான்!" என்று நர்ஸிடம் கத்தியது இந்தச் செவிட்டுக் காதிலும் விழுந்தது. நான் இறங்கி நின்றேன். "கொஞ்சம் நகருங்க" என்று என்னைத் தாண்டிப் போய் உங்கள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அந்த வண்டியை வாங்கியபோது எனக்கு உங்கள் வயது. மீசைகூட அப்படித்தான் வைத்திருந்தேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நர்ஸிடம் சொல்லிவிட்டு ஏரியைச் சுற்றி வந்தோமே, வழி முழுக்க உங்களிடம் பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு வருஷமாக அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. தலை ஆடுவதும் கை ஆடுவதும் தெரிந்தது. சைலன்சர் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? என் மனம் நோகும் என்று எதையும் மறைக்க வேண்டாம்.

வண்டி விற்றவன்


ஏப்ரல் 2

அன்புள்ள ஐயாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். "கேட்டிருக்காரில்ல, உள்ளதை எழுதுங்க" என்று மனைவி பேனாவை எடுத்துக் கையில் திணித்தாள்.

அம்மா ஏறியதும் முதலில் திட்டினார். "எத்தனை நாளா வாசல்லயே நிக்கறேன்? எங்க போய்த் தொலைஞ்சீங்க?" பிறகு ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா, சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் ஏன் வேறு நிறம் என்றெல்லாம் கேட்டார். வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடுமே என்று எல்லாவற்றுக்கும் "ம்" போட்டேன்.

ஏரிக்கரை வளைவில் அவர் கை கதவைத் தடவ ஆரம்பித்தது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வேகத்தைக் குறைத்தேன். கைப்பிடி விரலில் பட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். "மறுபடி போட்டுட்டீங்களா?" என்றார். அப்புறம், "பயப்படாதீங்க. நான் எறங்கிப் போக மாட்டேன்" என்றார். காப்பகம் வரும்வரை அதைப் பிடித்த கையை விடவில்லை, திறக்கவும் இல்லை. அது உங்களுக்குச் சொன்னது, ஐயா. உங்களுக்கு வர வேண்டியதை நான் வாங்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தாரே, அப்போது "பின்னாடி யாருங்க?" என்று கேட்டார். அந்த ஒரு இடத்தில்தான் வாயைத் திறந்தேன். "நம்மாளுதான்" என்றேன். உங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருக்காரு. வழியில எங்கயும் எறக்கி விட்டுடாதீங்க. வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுங்க."

வண்டி வாங்கியவன்


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அன்று திரும்பும்போது, பஸ் நிலையத்தில் இறக்கிவிடுங்கள், நான் போய்க்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளாமல் என் வீட்டு வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போனீர்கள். என்ன பிடிவாதம் இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்தேன். என்னை வீட்டில் சேர்த்தது அவள் என்று இப்போதுதான் தெரிகிறது.

இந்நேரம் புது சைலன்சரை மாட்டியிருப்பீர்கள், பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தோதான ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாட்டிக்கொண்டு வாருங்கள். இத்துடன் ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். அந்த நாளில் அவள் எனக்கு எடுத்துக் கொடுத்தது. பொத்தான் எல்லாம் ஒரே நிறம். எனக்கு இப்போது தொளதொள என்று இருக்கிறது, உங்களுக்குச் சரியாக இருக்கும். அதிகம் பேச வேண்டாம், "ம்" போதும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அவளிடம் அதைத்தான் பேசியிருக்கிறேன்.

கைப்பிடி அப்படியே இருக்கட்டும். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
பின் சீட்டுக்காரன்