எதிர்முள் அமுக்கிய கொக்கி

என் அருளுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நம் பொண்ணு இவா இப்போதுதான் தூங்கினாள். கட்டுப் போட்ட சுண்டுவிரலைத் தலையணைமேல் தனியாக வைத்து, அதற்கும் போர்த்திவிடச் சொல்லி, அப்புறம்தான் கண்ணை மூடினாள். பயப்படாதே, சின்னக் காயம்தான். உன்னிடம் சொல்லச் சொல்லி ஒருவர் ஒரு செய்தி கொடுத்தார். அதைச் சேர்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் தூண்டில் கோல், கயிற்றுச் சுருள், மீனை ஏமாற்ற நீ இறகில் கட்டிய பூச்சிகள் இருக்கும் பெட்டி எல்லாவற்றையும் ரஃபியிடம் கொடுத்துவிட முடிவு செய்திருந்தேன். உன்னோடு ஆற்றுக்கு வந்த ஒரே ஆள் அவர்தானே. நாளை ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியிலிருந்து வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"வேணாம் அண்ணி, இருந்துட்டுப் போவட்டும். பாப்பா நாளைக்குக் கேக்கும்ல?" என்றார் போனில்.

"அது கேக்குற வயசு வரைக்கும் கொக்கியும் குழந்தையும் ஒரே வீட்ல இருக்க முடியாது ரஃபி" என்றேன்.

நீ போன பிறகு இப்படி ஆகிவிட்டேன். பிளக் பாயிண்டுக்கெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறேன். மேசை முனைகளில் பழைய துணி சுற்றியிருக்கிறேன். பள்ளி வேன் திருப்பம் தாண்டி வரும்வரை கேட்டிலேயே நிற்கிறேன். நீ ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் வழுக்குப் பாறைகளை நினைத்துப் பயந்தேன். காலையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற பைக்கை நினைத்து ஒருநாளும் பயந்ததில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று இப்போது தெரியவில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன்.

மொட்டைமாடியில் நீ தூண்டில் வீசிப் பழகிய சாயங்காலங்கள் நினைவிருக்கிறதா? கொக்கிக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, துணிக்கொடிகளுக்கு நடுவே அந்த நீளக் கயிற்றை முன்னும் பின்னும் பறக்க விடுவாய். கீழ்வீட்டு சரோஜாக்கா துணி எடுக்க வந்து, "இன்னா தம்பி, டேங்குல மீன் கீதா?" என்பார். "கீதுக்கா, கடிக்கத்தான் மாட்டேங்குது" என்பாய். இப்போது அவர் மாடியில் என்னைப் பார்த்தால், என் துணியையும் சேர்த்து எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்.

குடகுப் பக்கம் மீன்பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாய். நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு, தங்கச் செதில் வைத்த பொம்மீன் கெண்டை ஒன்று உன் தோளையே பிடுங்கப் பார்த்த கதையோடு திரும்புவாய். கதை மட்டும்தான் வீட்டுக்கு வரும். மீனை அங்கேயே விட்டிருப்பாய். "வர்ற வழியில ஒரு கிலோ வஞ்சிரமாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்பேன்.

கிளம்புவதற்கு முன்னால் குறடும் கையுமாக உட்காருவாயே. கொக்கி முனைக்குப் பின்னால், குத்தியது திரும்பி வராமல் பிடித்துக்கொள்ள ஒரு குட்டி எதிர்முள் இருக்கும். ஒவ்வொரு கொக்கியிலும் அதை அமுக்கித் தட்டையாக்குவாய். பிறகு கர்ச்சீப்பில் குத்தி இழுத்துப் பார்ப்பாய். ஒரு நூல்கூடச் சிக்காமல் வந்தால்தான் பெட்டிக்குள் போகும்.

"இவ்ளோ தூரம் போயி, அது நழுவிப் போறதுக்கும் நீயே வழி பண்ணிக் குடுக்குறியா?"

"கயிறு தளர்ந்தாத்தான் போகும் ஸ்டெல்லா. இறுக்கமா வெச்சிருக்கறது என் வேலை. அதை முள்ளு தலையில கட்டக் கூடாது."

வியாழக்கிழமை, ரஃபி வருவதற்குள் துடைத்து வைக்கலாம் என்று அந்தப் பெட்டியை இறக்கினேன். குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இவா கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா பூச்சி கடிச்சிடுச்சு."

அவள் அழவில்லை. கோழி இறகு சுற்றி நீ கட்டிய பச்சைப் பூச்சி, அவள் சுண்டுவிரல் சதைக்குள் வளைந்து நின்றது.

செருப்புக்கூடப் போடாமல் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்தார். "தூண்டில் முள்ளா? இது லேசுல வராதும்மா. மரத்துப்போக ஊசி போட்டு, கீறித்தான் எடுக்கணும்" என்றார். நான் இவாவின் முகத்தை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். அவர் கொக்கியை லேசாக அசைத்துப் பார்த்தார். போன வழியிலேயே அது வழுக்கி வெளியே வந்துவிட்டது. ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதிர்முள்ளை அமுக்கி வெச்சிருக்கே. யார் பண்ணது?"

"இவங்க அப்பா."

"விவரமான மனுஷன். எங்க அவரு?"

"இல்ல சார்."

வீட்டில் இல்லை என்று எடுத்துக்கொண்டார். "வந்தா சொல்லுங்க, பொண்ணு விரலைக் கீறாம காப்பாத்தினது அவருதான்னு."

சரி சார் என்றேன். அதுதான் செய்தி. சேர்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எனக்குத் திட்டு வாங்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. "பெட்டியை ஏன் கீழ வெச்ச?" என்று நீ கத்தியிருக்க வேண்டும். நான் பதிலுக்குக் கத்தி, அழுது, ஓய்ந்திருப்பேன். யாரும் கத்தவில்லை. குக்கரில் சாதம் ஆறிப்போயிருந்தது.

எங்கோ ஒரு ஆற்றில், முகம் தெரியாத மீனின் உதட்டுக்காக நீ அதை அமுக்கினாய். அப்போது எங்கள் நினைப்பு கொஞ்சமாவது வந்ததா? வராவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்று ரஃபிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வாங்க. எடுத்துட்டுப் போறதுக்கு இல்ல, சாப்பிட."

"இன்னா கொழம்பு அண்ணி?"

"வஞ்சிரம்."

சிரித்தார்.

இனி பெட்டி பூட்டிய அலமாரியில் இருக்கும், இந்த வீட்டிலேயே இருக்கும். இவாவுக்கு இப்போதைக்கு மாடியும் சிவப்புக் கம்பளி நூலும் போதும். கொக்கி வேண்டும் என்று அவள் கேட்கிற நாளில், உன் குறடால் நானே எதிர்முள்ளை அமுக்கி, கர்ச்சீப்பில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். ஆற்றுக்கும் கூட்டிப்போவேன். பயந்துகொண்டேதான் கரையில் நிற்பேன், ஆனால் நிற்பேன். இது சத்தியம்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். உன் மேசையோர இடுக்கியில் பாதி கட்டிய பூச்சி ஒன்று, நூல் தொங்க, அப்படியே நிற்கிறது. அதற்கு அடுத்துச் சுற்ற வேண்டியது பழுப்பு இறகா, கறுப்பு இறகா? ரஃபிக்கும் தெரியவில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் மனைவி, இவாவின் அம்மா,
ஸ்டெல்லா