பத்து கப் சர்க்கரை

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மாவும் அப்பாவும் நலம். நீயும் நலம் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் என் மனசு ஆறும், போனில் நீ இழுக்கிற நல்லாத்தான் இருக்கேனில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதைப் போனில் சொல்லாமல் எழுதக் காரணம் இருக்கிறது, வாயால் சொல்லித்தானே போன தடவை உன்னைக் கவிழ்த்தேன். நம் வீட்டுக் கேக்கின் கப் அளவைப் பேக்கரிக்குக் கிராமில் கேட்டாய், ஒரு கப்புன்னா இருநூறு கிராம், எல்லாத்துக்கும் அப்படியே போட்டுக்கோ என்று சொன்னவள் நான்தான். அடர்த்தி என்றால் என்ன என்று காலேஜ் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதினவள்! இருநூறு என்பது தண்ணீருக்கு, மாவுக்கு இல்லை என்று அந்த நேரம் தோன்றவே இல்லை. உங்கள் பேக்கரி மாஸ்டர் உன் கேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதை வெச்சுச் சுவரே எழுப்பலாம்னு எல்லார் முன்னாலும் சொன்னாராமே, நீ சிரித்துக்கொண்டு சொன்னாய், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமையும் சரியாக வராவிட்டால் திரும்பவும் கேக் பெட்டி மடிக்கிற வேலைதான் என்கிறாய்.

அதனால் இன்று பரண்மேல் கிடந்த தராசை இறக்கினேன். நீ குறைமாதத்தில் பிறந்தபோது உன்னை நிறுத்துப் பார்க்க வாங்கியது. சின்ன எடையை அது சரியாகக் காட்டாது, ஆகவே நம் நீலக் கப்பால் பத்து தரம் அள்ளிக் கொட்டி, வந்ததைப் பத்தால் வகுத்தேன். மாவை மெதுவாகத் தூவி நிரப்பினால் 1040 கிராம், தட்டித் தட்டி நிரப்பினால் 1300. நான் வழக்கமாக எப்படி அள்ளுவேன் என்று யோசிக்க யோசிக்க என் கையே எனக்கு மறந்துபோயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் மாவு புகைபோல மிதக்கிறது, நான் கப்பும் கையுமாக எங்கேயோ நிற்கிறேன். அப்பா வந்து, மேல்வீட்டு டெய்லர் அக்கா உன்னைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா என்று ஆரம்பித்தார். என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டே பத்து கப்பையும் அள்ளிப் போட்டுவிட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, இப்ப முள்ளைப் பாரு என்றார். 1150.

எழுதி வைத்துக்கொள், ஒரு கப்புக்கு மைதா 115, சர்க்கரை 165, எண்ணெய் 184, பால் 206. கேக்குக்கு மாவு இரண்டு கப், அதாவது 230, நீ போட்டது நானூறு, சுவர் எழும்பாமல் என்ன செய்யும்? இந்தக் கணக்கையே கட்டிக்கொண்டும் அழாதே. அந்த நாளில் மணிக்கொரு தரம் உன்னைத் தராசில் போடுவேன், வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் பார்த்துவிட்டு, முள்ளையே பாக்காதீங்க, பிள்ளையைப் பாருங்கன்னு அதட்டினார். கலவை கரண்டியிலிருந்து நாடாபோல வழிகிறதா என்று நீயும் பார்.

சர்க்கரையைக் கொட்டினபோது முள் மெல்ல ஆடி 1650இல், அப்பா அன்றைக்குப் பென்சிலால் போட்ட கோட்டின்மேல் போய் நின்றது. நீ பிறந்த எடை. அப்பா தட்டோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, இவ்ளோதானா இருந்தா என்றார். திரும்ப டப்பாவில் கொட்ட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை, இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது, எறும்பு வருவதற்குள் எடுக்க வேண்டும்.

உன் கை பட்டதெல்லாம் பொங்கி வரட்டும், நன்றாய் இரு. ஒன்றே ஒன்று, கேக்கை வைத்து அடுப்பை மூடின பிறகு பாதியில் திறந்து எட்டிப் பார்க்காதே. அந்தப் பதற்றம் என்னோடு போகட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா