நிரம்பிய டேங்கில் பூஜ்யம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் வலிகூட இந்த வாரம் லீவு போட்டிருக்கிறது, அங்கே உன் கழுத்து வலி எப்படி? பதிலை அப்புறம் எழுது, முதலில் நன்றாகச் சாய்ந்து உட்கார். போனில் சொன்னால் உளறிக் கொட்டிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். இரண்டு மாதமாக உனக்குத் தொல்லை கொடுத்த அந்த 'அளவுகோல்' நான்தான். ஆமாம், உங்கள் கணித மென்பொருளின் தொகையிடல் (இன்டக்ரேஷன்) பகுதிக்குத் திருத்தம் அனுப்பி, நீ இரண்டு தடவை திருப்பி அனுப்பினாயே, அந்த ஆள் உன் அப்பாதான்!

நடந்தது இதுதான். பட்டறையில் பால் லாரிக்கு நீள்வட்ட டேங்க் செய்தோம், உள்ளே விட்டுப் பார்க்கும் கம்பியில் இத்தனை உயரத்துக்கு இத்தனை லிட்டர் என்று கோடு போடுவது எப்போதும்போல் என் வேலை. கணக்குக்கு உங்கள் மென்பொருளைத்தான் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து திருத்தலாம் என்று நீதானே சொன்னாய். நீள்வட்டத்தை ஒரு முழுச் சுற்று தொகையிடச் சொன்னால் பரப்பு பூஜ்யம் என்கிறது! நான் டேங்கில் தண்ணீர் நிரப்பிச் சட்டையெல்லாம் நனைந்து நிற்கிறேன், அது காலி என்று சாதிக்கிறது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பிடிபட்டது. அது கண்டுபிடித்த சூத்திரம் சரிதான், ஆனால் அதன் மதிப்பு கால் சுற்றில் பொசுக்கென்று கீழே குதிக்கிறது, முக்கால் சுற்றில் மறுபடியும், ஏறியதெல்லாம் இறங்கிப் பூஜ்யத்தில் வந்து நிற்கிறது. குதித்த அளவைத் திரும்பக் கூட்டிவிட்டால் தீர்ந்தது.

உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வேலையைப் பற்றி எப்போது கேட்டாலும், அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா, சாப்பிட்டீங்களா என்று பேச்சை மாற்றிவிடுவாய், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா என்பதற்காகச் சரி சொல்லிவிடுவாயோ என்ற பயம் வேறு. அதனால் பெயரை மறைத்து அளவுகோல் என்று போட்டுக்கொண்டேன், டேங்க் பேச்சையே எடுக்கவில்லை. முதல் தடவை, திருத்தம் சரி என்று காட்டும் சோதனைகள் எங்கே சார் என்று கேட்டாய். அடுத்த தடவை, எதிர்த் திசையில் சுற்றினால் விடை தப்பாக வருகிறது சார் என்றாய். போட்டுப் பார்த்தேன், தப்புதான், அசடு வழிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, சின்ன வயசுல அவ நோட்டுல சிவப்பு மையால கிறுக்குனீங்களே, இப்ப நல்லா வாங்கிக்கோங்க என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று காலை பட்டறைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், மூன்றாவதாக அனுப்பிய திருத்தத்தை மென்பொருளில் சேர்த்துவிட்டாய்! ஒற்றைக் கால் செருப்போடு வீடு முழுக்க நடந்தேன். கீழே எழுதியிருந்தாய், நன்றி சார், இதே பிழை இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது, உங்களுக்கு நேரம் இருந்தால் சேர்ந்து பார்க்கலாமா என்று. அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அம்மாவிடம் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மணிக்கணக்கில் குனிந்தே உட்காராதே, நடுவில் எழுந்து நட. திருத்தம் அனுப்புகிறவர்களை எல்லாம் சார் என்று கூப்பிடாதே, யாருடைய அம்மாவாகவாவது இருக்கப் போகிறார்கள். நீ நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். நீ கேட்டதற்கு அங்கே அளவுகோலாகப் பதில் போட மனம் வரவில்லை, இங்கேயே சொல்கிறேன். நேரம் இருக்கிறது கண்ணு, நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
சார் இல்லை,
உன் அப்பா