அழிக்காமல் விட்ட கேலி

புரட்டாசி, செவ்வாய் இரவு

நான் அட்மினாக இருக்கும் மானாவாரி விவசாயிகளின் இணையக் குழு இன்று உடைந்திருக்க வேண்டியது. திருச்சுழி கருப்பையாவின் ஆடு தன் உளுந்தை மேய்ந்துவிட்டதாகப் பக்கத்து நிலத்துக்கார மாடசாமி எழுதினார். கருப்பையா மறுத்தார். பேச்சு சாதி வரைக்கும் போக இருந்தது. இருவரையும் நீக்கிவிட நினைத்தபோது துபாயில் வேலை பார்க்கும் குழு உறுப்பினர் காதர் பாய் எழுதினார்:

"அந்த ஆட்டையும் குழுவுல சேருங்கப்பா, அதுக்கிட்டயே கேட்டுருவோம்."

விளையாட்டுப் பேச்சைக் கண்டதும் அழிப்பவள் நான். இதை விட்டுவைத்தேன்.

"அதுக்கிட்ட போனு இல்ல பாய்" என்றார் கருப்பையா.

"இருந்தா அதையும் தின்னுருக்கும்" என்றார் மாடசாமி.

குழுவே சிரித்தது. பிறகு கருப்பையா மாடசாமிக்கு எழுதினார்: "காலைல வந்து வேலி அடைச்சுத் தாரேண்ணே."

அந்த 'அண்ணே'யைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். குழு பிழைத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.